நேஷன்ஸ் கோப்பை இறுதியில் 6-2 எனத் தோற்ற பாகிஸ்தான் ப்ரோ லீக்குக்குள் எப்படி வந்தது?

கேள்வி: நேஷன்ஸ் கோப்பை என்பது சர்வதேச ஹாக்கியின் இரண்டாம் அடுக்குப் போட்டி; அதிலிருந்து ஏறிப் போகும் மேல் அடுக்குதான் ப்ரோ லீக். 2025 ஆண்கள் நேஷன்ஸ் கோப்பையை வென்றது நியூசிலாந்து. ஆனால் அடுத்த 2025-26 ப்ரோ லீக்கில் இடம் பெற்றது பாகிஸ்தான். ஜெயித்த அணிக்குத்தானே இடம்?

பதில்: ஜெயித்த அணிக்குக் கிடைப்பது முதல் உரிமை மட்டும்தான். அதை ஏற்பதா வேண்டாமா என்பதை அந்த நாட்டு ஹாக்கி அமைப்பு முடிவு செய்யும். 2022 முதல் 2025 வரை நடந்த மூன்று ஆண்கள் போட்டிகளிலும் ஜெயித்த அணி மேலே போகவில்லை.

2022-இல் தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூமில் தென்னாப்பிரிக்காவே வென்றது; ப்ரோ லீக்குக்குப் போனதோ இறுதியில் தோற்ற அயர்லாந்து. 2024-இல் போலந்தின் க்னியெஸ்னோவில் நியூசிலாந்து வென்றுவிட்டு இடத்தை வேண்டாமென்றது. அதனால் 2023-24 ப்ரோ லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழ் அடுக்குக்கு இறங்கியிருக்க வேண்டிய அயர்லாந்து அங்கேயே நீடித்தது. 2025 ஜூனில் கோலாலம்பூரில் மறுபடி நியூசிலாந்து, மறுபடி மறுப்பு. இந்த முறை அழைப்பு பாகிஸ்தானுக்குப் போனது. அவர்களும் அரசிடமிருந்து பணம் வருமா என்று பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

காரணம் செலவு. ப்ரோ லீக்கில் 9 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற எட்டுடன் இரண்டிரண்டாக 16 ஆட்டம் ஆட வேண்டும். ஐரோப்பா, அர்ஜென்டினா, இந்தியா, ஆஸ்திரேலியா என ஒரே சீசனில் கண்டம் விட்டுக் கண்டம் அலைய வேண்டும். நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் பாதி ஆட்டங்கள் பேருந்தில் போய்வரும் தூரம். நியூசிலாந்துக்கு எதுவுமே பக்கத்தில் இல்லை. மாறாக, மகளிர் நேஷன்ஸ் கோப்பையில் 2022-இல் வலென்சியாவில் இந்தியா ஸ்பெயினை 1-0 என வென்று கோப்பையை எடுத்தது, இடத்தையும் எடுத்துக்கொண்டது. பின்னால் நிற்கப் பணம் இருந்தால் விதி எழுதியபடியே நடக்கிறது. திடலில் சம்பாதித்ததைக் கணக்குப் புத்தகம் பறித்துக்கொள்ளும் இந்த நிலைமை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, இந்தப் போட்டியைப் பார்க்கும்போது பலர் தவறவிடும் இரண்டு விஷயங்கள்.

முதலாவது, பூல் கணக்கு. கோலாலம்பூரில் 8 அணிகள், நான்கு நான்காக இரண்டு பூல், அதாவது பிரிவு. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் முதலில் பார்ப்பது யார் அதிக ஆட்டம் ஜெயித்தார்கள் என்பதை; பிறகு கோல் வித்தியாசம், பிறகு மொத்தம் அடித்த கோல். நேருக்கு நேர் முடிவு அதற்கும் பின்னால்தான் வருகிறது. “நாங்கதான் அவங்களை ஜெயிச்சோமே” என்ற வாதம் இங்கே எடுபடாது. ஒரு அணிக்குப் பூலில் மூன்றே ஆட்டம் என்பதால், 4-1 என முன்னிலையில் இருக்கும் அணி கடைசி ஐந்து நிமிடத்தில் அசந்து இரண்டு பெனால்டி கார்னர் (தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) கொடுத்தால் அரையிறுதியே கைநழுவிப் போகலாம்.

இரண்டாவது, ஷூட் அவுட்; சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியாளரைத் தீர்மானிக்க ஒரு வீரர் கீப்பரை மட்டும் எதிர்கொள்ளும் முறை. கோலாலம்பூர் அரையிறுதியில் பாகிஸ்தானும் பிரான்ஸும் 3-3 எனச் சமநிலையில் நிற்க, பாகிஸ்தான் இதில்தான் தப்பியது. பந்து 23 மீட்டர் கோட்டில், கோல் கீப்பர் கோல் கோட்டில். விசில் ஊதியதும் இருவரும் நகரலாம். அடிப்பவருக்கு 8 விநாடி. கால்பந்து பெனால்டி போல ஒரே அடியோடு இது முடிவதில்லை. கீப்பர் மேல் பட்டுத் திரும்பும் பந்தை நேரம் இருக்கும்வரை மறுபடி அடிக்கலாம். பெரும்பாலானவர்கள் வீணடிப்பது எங்கே என்றால், பாய்ந்து வரும் கீப்பரைக் கண்டு பக்கவாட்டில் விலகிக்கொண்டே போவதில். கோணம் குறுகும், கடைசியில் ரிவர்ஸ் ஸ்டிக்கில் (மட்டையைத் திருப்பிப் பிடித்து) திரும்பி அடிக்க ஒரு விநாடிகூட மிஞ்சாது. நல்ல கீப்பர் பந்தைத் தட்டுவதைவிட அந்த விநாடிகளைத் தின்பதையே குறியாக வைப்பார். முதலில் படுத்துவிட்டால் அவர் கதை முடிந்தது. காலில் நின்றபடி பின்வாங்கினால் அடிப்பவர்தான் அவசரப்பட வேண்டும். கீப்பர் தெரியாமல் ஃபவுல் செய்தால் மறுவாய்ப்பு, வேண்டுமென்றே செய்தால் பெனால்டி ஸ்ட்ரோக், அதாவது கீப்பரை மட்டும் எதிர்த்து நேரடியாக ஒரே அடி.

இறுதிக்குப் போகும் அணிக்கு ஜூன் 15 முதல் 21 வரை ஏழு நாளில் ஐந்து ஆட்டம், அதுவும் கோலாலம்பூர்ப் புழுக்கத்தில். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றும் விதி இருந்தும், பெஞ்சில் தரமான ஆள் இல்லாத அணிக்குக் கடைசி ஆட்டத்தில் கால் ஓடாது. 6-2 என்ற கணக்கை மட்டும் வைத்துப் பாகிஸ்தானை எடைபோட வேண்டாம். அதே நியூசிலாந்திடம் பூலில் அவர்கள் தோற்றது 4-3 என்றுதான்.