ஆசா ராஜாவின் கால் வியாதி

கேள்வி: என் அப்பாவுக்கு 11 வருஷமாகச் சர்க்கரை. உபவாச ஜெபத்துக்கு வந்த ஒருவர், "ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடினான், செத்துப்போனான்" என்று சொன்னதிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது கால் பெருவிரலில் புண். "வலியே இல்லை, கர்த்தர் ஆற்றிக்கொண்டிருக்கிறார்" என்கிறார். மாத்திரை போடுவது அவிசுவாசமா?
— பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்தப் புண். நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். நாள்பட்ட சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போகும். வலி இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இனி யூதாவின் ராஜா ஆசா. ஜெபத்துக்கு வந்தவர் சொன்ன வசனம் 2 நாளாகமம் 16:12: "அவன் தன் வியாதியிலும் கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே தேடினான்." (பரிகாரி என்றால் வைத்தியர்.) அந்த "வியாதியிலும்" என்ற சொல்லில் உள்ள "உம்"மைக் கவனியுங்கள். அதற்கு முன்பே வேறொன்றிலும் அவன் கர்த்தரைத் தேடவில்லை என்று அர்த்தம். என்ன அது?

எத்தியோப்பியனாகிய சேரா பெரும்படையோடு வந்தபோது, "கர்த்தாவே, பலமுள்ளவனுக்காகிலும் பலமற்றவனுக்காகிலும் உதவிசெய்கிறது உமக்கு லேசான காரியம்" என்று கதறி ஜெபித்து ஜெயித்தவன் இதே ஆசாதான். ஆனால் அவன் ஆட்சியின் 36-ஆம் வருஷத்தில் இஸ்ரவேலின் ராஜா பாஷா ராமா என்ற ஊரைக் கட்டி யூதாவுக்குப் போக்குவரத்து வழியை அடைத்தபோது, ஆசா முழங்கால் போடவில்லை. ஆலயத்துப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் எடுத்து, தமஸ்குவில் இருந்த சீரியாவின் ராஜா பெனாதாத்துக்கு அனுப்பி, பாஷாவோடு இருந்த உடன்படிக்கையை முறிக்கச் சொன்னான். திட்டம் பலித்தது. பாஷா போட்டுவிட்டுப் போன கல்லையும் மரத்தையும் எடுத்து வந்து கேபா, மிஸ்பா என்ற ஊர்களைக் கட்டினான். பலித்ததுதான் அவனைக் கெடுத்தது என்பேன். ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானி வந்து கண்டித்தபோது, அவனைக் காவலறையில் போட்டான். ஜனங்களில் சிலரையும் கொடுமைப்படுத்தினான். கால் வியாதி வந்தது 39-ஆம் வருஷத்தில். இடையில் ஒரு மனஸ்தாபமும் எழுதப்படவில்லை. வைத்தியரிடம் போனதல்ல, கர்த்தரிடம் போகவே மனமில்லாமல் இருந்ததுதான் அவன் குற்றம்.

அதே யூதாவின் இன்னொரு ராஜா எசேக்கியாவைப் பாருங்கள். சாகும் அளவுக்கு வியாதிப்பட்டபோது அழுது ஜெபித்தான். "உன் கண்ணீரைக் கண்டேன்" என்று சொல்லி 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார் கர்த்தர். அப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்குத்தத்தம் கையில் இருக்கும்போதே மருந்து!

என் அம்மா காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லித்தான் விழுங்குவார். அதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். அவர் தேவனை நேசிக்கிறார், அதைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தை எடுத்து, அந்த அத்திப்பழத்து அடையைச் சொல்லும் ஏழாம் வசனத்தை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் மதிக்கும் உங்கள் சபைப் போதகரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லுங்கள். புறப்படும் முன், அந்தக் காலைத் தொட்டு நீங்களே ஒரு ஜெபம் பண்ணுங்கள்.