கன்றியது வெயிலாலா, களிம்பாலா?

எதைப் பூசினாலும் சிவந்துவிடும் தோலோடு வெயிலில் நடமாட வேண்டியவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 34. புதிய சோப்பு, புதிய க்ரீம் எது பட்டாலும் என் தோல் சிவந்துவிடும். சென்ற வாரம் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 50 என்று அச்சிட்ட சன்ஸ்கிரீன் ஒன்றை முதல்முறையாகப் பூசிக்கொண்டு, காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை வெளியில் இருந்தேன். அன்று இரவே முகமும் கழுத்தும் சிவந்து காந்தின. மறுநாள் கண் இமைகள் வீங்கி, தாங்க முடியாத அரிப்பும் சேர்ந்துகொண்டது. என்னைச் சுட்டது வெயிலா, க்ரீமா? இனி சன்ஸ்கிரீனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கக்கூடும் என்றாலும், நீங்கள் சொல்லும் இமை வீக்கத்தையும் அரிப்பையும் வைத்துப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் க்ரீமின் மேல்தான் அதிகம். வெயிலில் கன்றிய தோல் பொதுவாக மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் சிவக்கத் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், மூன்று நாட்களில் தணியும். அதில் அரிப்பைவிட எரிச்சலும் தொட்டால் வலியும்தான் முன்னே நிற்கும். சிவந்த இடத்துக்கு ஓர் எல்லையும் இருக்கும்: சட்டைக் கழுத்து முடிந்த இடத்தில் கோடு கிழித்தாற்போல் நின்றுவிடும், முகவாய்க்குக் கீழே, காதுக்குப் பின்னே, கைக்கடிகாரப் பட்டையின் அடியில் தோல் பழைய நிறத்திலேயே இருக்கும்.

க்ரீம் ஒவ்வாமை இப்படி எல்லை பார்ப்பதில்லை. பூசிய இடம், வியர்வையோடு வழிந்த இடம், விரல் துடைத்த இடம் எல்லாவற்றிலும் வரும். இமையின் தோல் மிக மெல்லியது என்பதால் முதலில் வீங்குவது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். முதல்முறை பூசியதற்கே ஒவ்வாமை வருமா என்று நீங்கள் கேட்கலாம். அதே வாசனைப் பொருளோ பதப்படுத்தும் பொருளோ நீங்கள் முன்பு பயன்படுத்திய ஷாம்பூவிலோ முகக் க்ரீமிலோ இருந்து, உடல் அதை ஏற்கெனவே பகையாக அடையாளம் கண்டு வைத்திருந்தால், வரும். பூசிய சில நிமிடங்களிலேயே சுரீரென்று எரிந்து, கழுவியதும் அடங்கிவிடுகிறதென்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமையன்று, வெறும் உறுத்தல்தான். இவை இரண்டும் அல்லாத மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. க்ரீமில் உள்ள ஒரு வேதிப்பொருள் நிழலில் சாதுவாக இருந்துவிட்டு, வெயில் பட்ட பிறகே ஒவ்வாமையைக் கிளப்பும். இதிலும் முகவாய்க்கு அடியில் உள்ள தோல் தப்பித்துக்கொள்வதால், வெயிலில் கன்றியது என்றே பலரும் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

எனவே அந்தக் க்ரீமை நிறுத்திவிடுங்கள். ஆனால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். அதன் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியல் உங்கள் மருத்துவருக்குத் தேவைப்படும். சன்ஸ்கிரீன்களில் அடிக்கடி தொல்லை தருபவை வாசனைப் பொருள்கள், மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பதப்படுத்திகள், வெயிலின் கதிரைத் தடுக்கும் வடிகட்டிகளில் ஆக்ஸிபென்சோன், ஆக்டோக்ரைலீன் ஆகியவை. ஆக்ஸிபென்சோன் சேர்ந்த பென்சோஃபீனோன் குடும்பத்தை அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2014ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாகவே அறிவித்தது. உங்களைப் போன்றவர்களுக்கு ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு ஆகிய தாதுக்களை மட்டும் வடிகட்டியாகக் கொண்ட, வாசனை சேர்க்காத சன்ஸ்கிரீனையே நான் பரிந்துரைப்பேன். இத்தாதுக்கள் வெயிலைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகின்றன என்று விளம்பரங்கள் சொல்கின்றன. உண்மையில் அவையும் புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை உறிஞ்சவே செய்கின்றன. அவற்றின் சிறப்பு, தோலுக்குள் இறங்காமல் மேலேயே தங்கி, ஒவ்வாமையை மிக அரிதாகவே உண்டாக்குவதுதான். முகத்தில் சாம்பல் பூத்தாற்போல் தெரிவது அதற்கு நாம் தரும் விலை. நிறம் சேர்த்த வகைகளில் அது குறைவு. ‘ஒவ்வாமை தராதது’ என்ற பெரிய எழுத்தை நம்பி வாங்காதீர்கள், அச்சொல்லுக்கு உறுதியான வரையறை இல்லை. ‘மணமற்றது’ என்பதும் ‘வாசனைப் பொருள் சேர்க்காதது’ என்பதும் ஒன்றல்ல; ஒரு மணத்தை மறைக்க இன்னொரு மணத்தைச் சேர்த்தவையும் முதல் வகையில் உண்டு.

புதியதை முகத்தில் பூசுவதற்கு முன், முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் நாளுக்கு இருமுறை, ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவக்காமலும் அரிக்காமலும் இருந்தால் முகத்துக்குப் போகலாம். வெயில் பட்டால் மட்டும் கிளம்பும் அந்த மூன்றாம் வகையை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அதற்கு, சந்தேகப் பொருளைத் தோலில் ஒட்டி ஒளி காட்டிப் பார்க்கும் ஒளி ஒட்டுச் சோதனையைத் தோல் மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

விட்டுவிடலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, முகத்துக்கும் கைகளுக்கும் மட்டும் என்று சுருக்கிக்கொள்ளலாம் என்பது என் பதில். மற்ற இடங்களைத் துணியால் மூடுங்கள். துணிக்கு ஒவ்வாமை அரிது, வியர்வையில் கரையாது, இரண்டு மணிக்கொருமுறை திரும்பப் பூச நினைவுபடுத்தவும் தேவையில்லை. சட்டையின் கைப்பகுதியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்துப் பாருங்கள்: இழைகளுக்கு நடுவே ஊசிப்புள்ளிகளாக வெளிச்சம் தெரிந்தால் கதிரும் அந்த வழியே வரும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி நல்லது. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி நினைப்பதைவிடக் குறைவாகவே காக்கும், நனைந்தால் இன்னும் குறையும். தொப்பி என்றால் நெற்றியை மட்டும் மறைப்பது போதாது; காதையும் பிடரியையும் மறைக்கும் சுற்று விளிம்பு வேண்டும். நேரத்துக்குக் கடிகாரம் தேவையில்லை: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் வெயில் கடுமையானதே.

கேள்வி: நேற்று முழுவதும் திறந்தவெளியில் விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகமூட்டமாக, காற்றும் குளிர்ச்சியாக இருந்ததால் எதுவும் பூசவில்லை. இன்று தோள்களும் முதுகும் தொட முடியாமல் எரிகின்றன; ஓரிடத்தில் சிறு கொப்புளங்கள். பனிக்கட்டி வை, எலுமிச்சை தேய், எண்ணெய் பூசு என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: மூன்றையும் கேட்காதீர்கள். இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் உங்கள் முதுகு உரிந்தே முடிந்திருக்கும். அடுத்த முறைக்கும் மற்றவர்களுக்குமாக எழுதுகிறேன்.

முதலில் வெயிலைவிட்டு வெளியேறி, குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும். பனிக்கட்டி போல் உறைந்த நீரன்று, குழாயில் வரும் குளிர்ச்சி போதும். வேகமாகப் பீய்ச்சும் நீர் வலியைக் கூட்டும். கொப்புளம் இருந்தால் நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போர்த்தி வைப்பது மேல். ஈரத்தைத் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றியெடுத்து, தோல் இன்னும் சற்று ஈரமாக இருக்கும்போதே வாசனையில்லாத, நீர்த்தன்மையுள்ள ஈரப்பதக் க்ரீமையோ கற்றாழை ஜெல்லையோ பூசுங்கள். கடையில் விற்கும் பச்சை நிறக் கற்றாழை ஜெல்களில் மணமும் ஆல்கஹாலும் கலந்திருப்பது உண்டு. உங்கள் தோல் கூச்சமுள்ளது என்றால் அவை எரிச்சலின் மேல் எரிச்சலாகும். எண்ணெயும் பெட்ரோலியம் ஜெல்லியும் சூட்டை உள்ளேயே அடைத்து வைப்பதால் முதல் ஓரிரு நாட்களுக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் ஒளியோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும் வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அதைத் தேய்த்துக்கொண்டு மறுநாள் வெயிலில் இறங்கினால் புதிய கொப்புளமும் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் மிஞ்சும். பனிக்கட்டி, புண்பட்ட தோலை இன்னொரு முறை புண்படுத்தும். மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் கலந்த களிம்புகளும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. வீட்டில் எப்போதோ மீந்த வீரியமான ஸ்டீராய்டு களிம்பையும் தேடி எடுக்காதீர்கள்.

வலிக்கு ஐபுப்ரோஃபென் உதவும், அதுவும் எரிச்சல் தொடங்கியதுமே எடுத்துக்கொண்டால். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை எடுக்கலாகாது. கன்றிய தோல் உடலின் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆகவே வழக்கத்தைவிடக் கூடுதலாக நீர் குடியுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். அடியில் இருக்கும் புதுத்தோலுக்கு அதைவிட நல்ல கட்டு வேறில்லை. காய்ச்சல், நடுக்கம், வாந்தி, தலைசுற்றல் வந்தாலோ, கொப்புளம் முதுகு முழுதும் பரவினாலோ, சீழ் பிடித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

குளிர்ந்த காற்று உங்களை ஏமாற்றியதில் வியப்பில்லை. வெயிலின் சூட்டை நமக்கு உணர்த்துவது ஒரு கதிர், தோலைக் கன்றவைப்பது வேறொரு கதிர். 1801இல் யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர் என்ற ஜெர்மன் அறிவியலாளர், வெயிலைப் பட்டகத்தால் பிரித்தபோது ஊதா நிறம் முடிந்து எதுவுமே தெரியாத இடத்தில் வைத்த வெள்ளி உப்பு மற்ற இடங்களைவிட விரைவாகக் கறுப்பதைக் கண்டார். புற ஊதாக் கதிர் அப்படித்தான் வெளிப்பட்டது. கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் சுடாது, மெல்லிய மேகத்தையும் பெருமளவு கடந்துவரும். காற்றைப் பார்க்காமல், வானிலை அறிக்கையில் வரும் புற ஊதாக் குறியீட்டைப் பாருங்கள். அது 3ஐத் தொட்டாலே காப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

கேள்வி: எஸ்.பி.எஃப். 30க்கும் 50க்கும் விலையில் உள்ள வித்தியாசம் பயனிலும் உண்டா?

பதில்: கன்றச் செய்யும் கதிரில் 30 என்பது ஏறத்தாழ 97 சதவீதத்தையும் 50 என்பது 98 சதவீதத்தையும் தடுக்கும். இந்த எண்களெல்லாம் தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துப் பெற்றவை. நம்மில் பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை, எனவே பாதுகாப்பும் அந்த அளவுக்குச் சரிந்துவிடுகிறது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி வைத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். ஒருமுறை பிதுக்கிப் பாருங்கள், இவ்வளவா என்று திகைப்பீர்கள். சிக்கனமாகத் தடவிய 50ஐவிடத் தாராளமாகப் பூசிய 30 மேலானது. கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னதாகப் பூசி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணிக்கொருமுறையும், வியர்த்தாலோ நனைந்தாலோ அதற்கு முன்பேயும் திரும்பப் பூசுங்கள். எஸ்.பி.எஃப். என்பது பெரிதும் தோலைக் கன்றவைக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிருக்கான எண்; யு.வி.ஏ. என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பு உறையில் தனியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு. கறுத்த தோலை வெயில் கன்றச் செய்யாது என்கிறார்கள். ஆனால் நாள் முழுவதும் வெளியில் இருந்தால் என் கன்னங்கள் காந்துகின்றனவே?

பதில்: கன்றாது என்பது தவறு, கன்ற அதிக நேரம் ஆகும் என்பதே சரி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் இயற்கையான காப்புதான் என்றாலும் முழுக் காப்பன்று. உங்கள் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாததால் மற்றவர்களும், சில வேளை மருத்துவர்களும்கூட, அதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள்: புறங்கையைக் கன்னத்தில் வைத்து, பிறகு துணி மூடியிருந்த மேற்கையில் வைத்து ஒப்பிடுங்கள். கன்னம் சூடாக, இறுக்கமாக, தொட்டால் வலியாக இருந்தால் கன்றியிருக்கிறது. உங்களுக்குக் கருந்திட்டுகளும் இருந்தால், அவற்றைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே ஆழப்படுத்தும் என்பதால், இரும்பு ஆக்ஸைடு சேர்த்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் பொருத்தம்.

கேள்வி: முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுத்து வருகிறேன். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பயணம் செய்கிறேன். ஆனாலும் சன்னல் பக்கத்துக் கை மட்டும் எரிந்து சிவக்கிறது. ஏன்? அதோடு, என் நான்கு மாதக் குழந்தைக்கும் சன்ஸ்கிரீன் பூசலாமா?

பதில்: கண்ணாடி தடுப்பது பெரும்பாலும் யு.வி.பி.யை. யு.வி.ஏ. கதிர் சாதாரணக் கண்ணாடியைக் கடந்து வரும். டாக்ஸிசைக்ளின் தோலை வெயிலுக்குக் கூச்சமுள்ளதாக்கும் மருந்து; அதைத் தூண்டிவிடுவது பெரிதும் அந்தக் கதிர்தான். காரின் முன்கண்ணாடி இரு அடுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அதையும் தடுக்கிறது, பக்கக் கண்ணாடி வண்டிக்கு வண்டி மாறும். முழுக்கைச் சட்டை அணியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். நகம் படுக்கையிலிருந்து எழும்பி வலித்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் மாத்திரையும் வெயிலும் சேர்ந்த இதே கூட்டணியின் வேலைதான். கிருமித் தொற்றுக்கான சிப்ரோஃப்ளாக்சசின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத்துக்கான அமியோடரோன் ஆகியவையும் தோலை வெயிலுக்குக் கூச்சமுள்ளதாக்கும். மூட்டுவலிக்குத் தேய்க்கும் கீட்டோப்ரோஃபென் ஜெல், நிறுத்திய பிறகும் சில வாரங்கள் வரை இப்படிச் செய்யும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சன்ஸ்கிரீனைவிட நிழலும் மெல்லிய முழு உடையும் தொப்பியுமே சரியான காப்பு. அதன் தோல் சிவந்துவிட்டதென்றால், எவ்வளவு இலேசாகத் தெரிந்தாலும், வீட்டு வைத்தியம் எதையும் பார்த்துக்கொண்டிராமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.