கடைசியில் விழும் பனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய சீனத்தின் நாலடி இயற்கைக் கவிதைகள் சிலவற்றை மொழிபெயர்ப்பில் படித்தேன். லியு ஜோங்யுவானின் 'ஆற்றுப் பனி' அவற்றில் ஒன்று. 'பனி மூடிய ஆயிரம் மலைகளில் பறவைகள் இல்லை' என்று தொடங்கி, ஒரு கிழவர் தூண்டில் போடுவதோடு முடிகிறது. நாட்காட்டிப் படம் போல அழகாக இருந்தது, அவ்வளவுதான். நான் எதைத் தவறவிடுகிறேன்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கைக்கு வரும் முன்பே அது தவறிவிட்டது. மூலத்தின் முதலடியில் பனி (வானிலிருந்து பொழியும் வெண்பனி) கிடையாது.

இந்த வடிவத்தின் பெயர் ஜுவேஜு. 'வெட்டிய அடிகள்' என்று பொருள் கொள்ளலாம். நான்கு அடிகள், அடிக்கு ஐந்து எழுத்து, அல்லது ஏழு. ஒவ்வோர் எழுத்தும் ஓரசை, பெரும்பாலும் ஒரு சொல். இந்தக் கவிதையில் மொத்தமே 20 எழுத்துகள். அடிதோறும் இரண்டாம் எழுத்துக்குப் பின் ஒரு சிறு நிறுத்தம். சொல்லுக்குச் சொல் வைக்கிறேன்:

ஆயிரம் மலை – பறவை பறத்தல் அற்றது
பத்தாயிரம் பாதை – மனிதர் சுவடு அழிந்தது
தனிப் படகு – புல் அங்கி, தொப்பி, கிழவர்
தனியே தூண்டில் – குளிர் ஆறு பனி

அடிகளின் முதற்சொற்களை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: ஆயிரம், பத்தாயிரம், தனி, தனியே. விரிந்துகொண்டே போன பார்வை மூன்றாம் அடியில் ஒரு படகின் மேல் வந்து நிற்கிறது. மூன்றாம் அடியில் திரும்புவது இவ்வடிவத்தின் வழக்கம். அந்த அடியில் வினைச்சொல்லே இல்லை. பறவைகள் எங்கே போயின, சுவடுகளை எது அழித்தது? விடை 20ஆவது எழுத்தில் வருகிறது: பனி. அதை முதலடிக்கு இழுத்து வந்த மொழிபெயர்ப்பின் மேல் எனக்குக் கோபமே வருகிறது.

ஓசையும் அப்படித்தான். 1, 2, 4ஆம் அடிகளின் இறுதிச் சொற்கள் இயைபு கொண்டவை; லியு வாழ்ந்த தாங் அரச மரபின் காலத்தில் அவை 'த்' என்று முட்டி நின்றன. இன்றைய பொதுச் சீன மொழியான மாண்டரினில் அந்த ஒலி இல்லை. தென்சீனத்தின் கான்டனீஸ் மொழி பேசும் ஒருவர் வாசித்தால் இப்போதும் கேட்கலாம்.

ஆட்சிச் சீர்திருத்த முயற்சி தோற்றதால் 805இல் தலைநகரிலிருந்து தெற்கே யோங்ஜோவுக்கு அனுப்பப்பட்டவர் லியு. பத்தாண்டுகள் அங்கே கிடந்தார். கவிதை அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. படகுக் கிழவரை லியுவாகவே ஆக்கிவிடும் விளக்கங்கள் எனக்கு உவப்பில்லை. அப்போது அவர் முப்பதுகளில் இருந்தவர்.

அடுத்து, இன்னொரு தாங் காலக் கவிஞரான வாங் வெய்யின் 'மான் அடைப்பு' கவிதையைப் படியுங்கள். ஆளில்லாத மலை. எங்கிருந்தோ பேச்சுக்குரல். மூன்றாம் அடியில் சாயங்கால வெயில் அடர்காட்டுக்குள் நுழைகிறது. அது எதன்மேல் விழப்போகிறது என்று நான்காம் அடிவரை காத்திருங்கள்.