வானத்துக்கு ஒரு நாற்காலி

கேள்வி: எனக்கு வயது 47. திருச்சியில் வங்கி வேலை. லாக்டவுன் சமயத்தில் மகளுக்காக வாங்கிய ஜிக்ஸா பசில், அதாவது துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டு, அவளுக்குச் சலித்துப்போய் என்னைப் பிடித்துக்கொண்டது. சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, சீட்டு கிடையாது. ராத்திரி ஒரு மணி நேரம் இதில் உட்கார்ந்தால் பகலெல்லாம் கவுண்டரில் வாங்கிய வசவு இறங்கிவிடும். இப்போது ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைப் படம், 2000 துண்டு, ஏழு வாரமாக டைனிங் டேபிளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோட்டையும் காடும் முடிந்தது, வானம்தான் பாக்கி. மிச்சத் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துத் தட்டுகளில் போட்டு நாலு நாற்காலியிலும் வைத்திருக்கிறேன். வீட்டில் எல்லோரும் அனுசரித்துக்கொண்டார்கள். நானும் மனைவியும் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவோம், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தன் அறையில், 74 வயது அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம், கீழே உட்கார முடியாது என்பதால் அடுப்படி மேடை ஓரமாக நின்றபடியே சாப்பிட்டுக்கொள்வார், அவருக்கு அது பழக்கம்தான். மனைவி மட்டும் தினமும் "மேஜையை மனுஷங்களுக்கு விடுங்க" என்று சண்டை. மூளைக்குப் பயிற்சி, மறதி வராது என்று சொன்னாலும் காதில் வாங்குவதில்லை. ஒரு மனிதனுக்கு ஒரு சந்தோஷம் இருக்கக் கூடாதா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? முடித்ததும் ஒட்டி ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டவும் ஆசை. யோசனை சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது எனக்கு நன்றாகப் பழகிய கதையாகத்தான் இருந்தது. மீன் தொட்டி வைத்த கணவர், மொட்டை மாடியில் புறா வளர்த்த கணவர், பழைய ரேடியோக்களைப் பிரித்து ஹால் முழுக்கப் பரப்பிய கணவர் என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது எழுதுகிறார்கள், எல்லோர் வீட்டிலும் மனைவிதான் வில்லி, எல்லோரும் கடைசியில் "ஒரு மனிதனுக்கு ஒரு சந்தோஷம்" என்றுதான் முடிக்கிறார்கள். இருக்கலாம் என்று ஒரு வரி எழுதி, மனைவியிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்று இன்னொரு வரி எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாவது தடவை படிக்கும்போது அடுப்படியில் நின்றுவிட்டேன். உங்கள் அம்மா பக்கத்தில்.

"நின்றபடியே சாப்பிட்டுக்கொள்வார், அவருக்கு அது பழக்கம்தான்." இதை நீங்கள் ஒரு பிரச்சினையாக எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் எவ்வளவு நன்றாக ஒத்துழைக்கிறார்கள் என்பதற்குச் சாட்சியாக, நடுவில் ஒரு கமா போட்டு, டிவிக்கும் மனைவியின் சண்டைக்கும் இடையில் செருகிவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் வங்கிக்காரர், கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏழு வாரம் என்றால் 49 நாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை என்றால் 147 வேளை. அமாவாசை, கிருத்திகை, எங்கேயாவது கல்யாணம் காட்சிக்குப் போன நாள் எல்லாவற்றையும் தள்ளுங்கள், அப்போதும் நூற்றுக்குக் குறையாது. மூட்டு தேய்ந்த 74 வயதுப் பெண் நூறு வேளைக்கு மேல் நின்றுகொண்டு சாப்பிட்டிருக்கிறார். கீழே உட்கார முடியாது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், நிற்பது மட்டும் அந்த முட்டிக்குச் சுகமாக இருக்கும் என்று யார் சொன்னது?

அப்புறம் அந்த நாற்காலிகள். நாலு நாற்காலி, நாலிலும் தட்டு. ஒன்றில் வெளிர்நீலம், ஒன்றில் கருநீலம், ஒன்றில் மேகம், நாலாவதில் இது எங்கே போகும் என்றே தெரியாத உதிரி என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கோட்டை இருக்கும் பவேரியாவின் வானம் உங்கள் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. மேஜையைக் கூட விடுங்கள், ஒரே ஒரு தட்டை ஃபிரிட்ஜ் மேலே தூக்கி வைத்துவிட்டு அந்த நாற்காலியை அடுப்படிக்குள் இழுத்துப் போட்டு "உட்காரும்மா" என்று சொல்ல ஏழு வாரத்தில் உங்களுக்குத் தோன்றவே இல்லையா? இதற்கு பிளைவுட் வேண்டாம், ஆசாரி வேண்டாம், எனக்குக் கடிதமும் வேண்டாம்.

பழக்கம் என்கிறீர்களே, அது எப்படி வந்த பழக்கம் என்று கேட்டிருக்கிறீர்களா? என் மாமியார் அடுப்படி நிலைப்படியில் ஒருக்களித்து உட்கார்ந்து, எல்லோரும் சாப்பிட்டு முடிந்த குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் புரட்டிச் சாப்பிடுவார். நான் வாக்கப்பட்டுப் போன நாளிலிருந்து பார்த்தது அது. சட்டியோடு சாப்பிடுவதுதான் அவருக்கு ருசி என்று வீட்டில் சொன்னார்கள், நானும் பதினோரு வருஷம் அதை நம்பினேன், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் நாத்தனார் மகள் கல்யாணத்தில் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று மூன்று தடவை சோறு கேட்டு வாங்கினார். பரிமாறுகிற பையன் நகர்ந்துவிடுவானோ என்று வாளியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். வீட்டில் ஒரு நாளும் அவர் மறுசோறு வாங்கி நான் பார்த்ததில்லை. வேணுமா என்று கேட்க ஆள் இருந்தால்தானே, போட ஆள் இருந்தால்தானே? நின்றுகொண்டு சாப்பிடுகிறவர்களும் அப்படித்தான் தம்பி. முதலில் போட்டுக்கொண்டதோடு முடித்துத் தட்டைக் கழுவிவிடுவார்கள். அம்மா இந்த ஏழு வாரமாக எவ்வளவு சாப்பிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது, நீங்கள் டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

எங்கள் தலைமுறை வீடுகளில் பாதிப் பேர் டைனிங் டேபிள் வாங்கியதே யாரோ ஒருவருடைய முட்டி போன பிறகுதான். அதுவரை தரைதான் எல்லோருக்கும், பாய் கூட விருந்தாளிக்குத்தான். உங்கள் வீட்டு மேஜை எப்போது, எதற்காக வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். "மேஜையை மனுஷங்களுக்கு விடுங்க" என்கிறார், அது உங்கள் காதில் "எனக்கு விடுங்க" என்று விழுந்திருக்கிறது. அவருக்குத் தரையில் உட்கார முடியும், உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார். அப்படியென்றால் தினமும் யாருக்காகச் சண்டை போடுகிறார்? மாமியாருக்காக மருமகள் வாதாடுகிற வீடு அமைவது பெரிய விஷயம் தம்பி, எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி அதற்கு நேர் எதிர். நீங்களோ அவரைச் சந்தோஷம் தெரியாதவர் என்று என்னிடம் புகார் சொல்கிறீர்கள். அவருக்கு என்ன புரியவைக்க வேண்டும்? அவருக்குப் புரிந்ததில் பாதி உங்களுக்குப் புரிந்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அவரையும் ஒன்று கேட்பேன், உங்கள் தட்டை நகர்த்தி ஒரு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டிருக்கலாமே என்று. ஆனால் ஒரு துண்டு தொலைந்தால் அன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

பெற்றவளை நிற்க வைத்துவிட்டுப் பிள்ளை உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பழைய பஞ்சாங்கம் என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு நாற்காலியைப் போடுங்கள். பாட்டி எங்கே நின்று சாப்பிடுகிறார் என்பதைத் தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் பார்த்துவிட்டுப் போகும் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணும் அந்த வீட்டில் இருக்கிறாள்.

பசிலை விடச் சொல்ல மாட்டேன். நானும் போடுகிறவள். பேரனோடு ஒரு கோடை விடுமுறையில் 1000 துண்டு ஒன்றை முடித்துவிட்டு, ஓரத் துண்டுகளை எண்ணிப் பெருக்கிப் பார்த்தால் 38க்கு 27, 1026 வந்தது. பல பெட்டிகளில் அப்படித்தான் இருக்கும், ஆயிரம் என்பது சும்மா பேச்சுக்கு. நானே போடுகிறவள் என்பதால் மூளைப் பயிற்சி, மறதி மருந்து என்றெல்லாம் எனக்கு விற்காதீர்கள். பிடித்திருக்கிறது, போடுகிறேன் என்று சொன்னால் போதும், பொழுதுபோக்குக்கு டாக்டர் சீட்டு எதற்கு?

ஆனால் இது தனியாக ஒளிந்துகொள்வதற்காக வந்த விளையாட்டு இல்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் ஐரோப்பாப் படத்தை மரப்பலகையில் ஒட்டி நாட்டு எல்லையோரமாக அறுத்து விற்றார், பிள்ளைகள் சேர்த்துப் பார்த்துப் பூகோளம் படிக்கட்டும் என்று. 1930களில் அமெரிக்காவில் வேலை போய், கையில் காசில்லாமல் ஜனங்கள் வீட்டோடு கிடந்தபோதுதான் அட்டையில் வெட்டிய மலிவு பசில்கள் வாரம் ஒன்று என்று கடைக்கு வந்தன, வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்துப்போனார்கள். வீட்டில் இருந்த எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றித்தான் உட்கார்ந்தார்கள். உங்கள் மேஜையில் இருக்கும் கோட்டைதான் வேறு ஜாதி. அதை 1869இல் கட்டத் தொடங்கிய இரண்டாம் லுட்விக் ராஜா தனிமைப் பிரியர், 1886இல் அவர் சாகும்வரை வேலை முடியவில்லை. லிண்டர்ஹோஃப் என்ற அவருடைய இன்னொரு அரண்மனையில் சாப்பாட்டு மேஜையே தரைக்குள் இறங்கி அடுப்படிக்குப் போகும், அங்கே பதார்த்தங்களை அடுக்கியதும் மேலே ஏறி வரும், ராஜா ஒரு முகத்தையும் பார்க்காமல் சாப்பிடலாம். உங்கள் வீட்டில் மேஜை நின்ற இடத்தில் நிற்கிறது, அம்மா அடுப்படிக்கு இறங்கிவிட்டார்.

சரி, வேலையைப் பார்ப்போம். 2000 துண்டு முடிந்தால் சுமார் 98க்கு 75 சென்டிமீட்டர் வரும். நாலு பேர் மேஜை பெரும்பாலும் நாலடிக்கு இரண்டரை அடி, அதனால்தான் விளிம்பு வரை நிரம்பித் தட்டுகள் நாற்காலிக்குப் போயின. பிளைவுட் கடையில் 9 மில்லிமீட்டர் பலகை மூன்றரை அடிக்கு இரண்டே முக்கால் அடி வெட்டித் தரச் சொல்லுங்கள். 6 மில்லிமீட்டர் மலிவு என்று வாங்காதீர்கள், தூக்கும்போது நடுவில் தொய்ந்து கோட்டை இரண்டாகிவிடும். நாலு பக்கமும் அரை அங்குலம் பீடிங் (மெல்லிய மரச்சட்டம்) அடித்துவிட்டால் துண்டு உருளாது. சாப்பாட்டு நேரத்தில் பலகை கட்டிலுக்கு அடியில். உங்களுடையது அடியில் பெட்டி வைத்த கட்டில் என்றால் மெத்தை மேலேயே வையுங்கள், சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். மேலே பழைய வேட்டி ஒன்றை விரித்துவிடுங்கள், தூசிக்கும் பல்லிக்கும். நாலு தட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் துண்டெல்லாம் கலந்து கொட்டும். மூடி போட்ட ஸ்வீட் பாக்ஸ் நாலில் மாற்றுங்கள், தீபாவளிப் பெட்டி எந்த வீட்டுப் பரணிலும் கிடைக்கும்.

வானத்தை நிறம் பார்த்துப் போடாதீர்கள், இந்த ஜென்மத்தில் முடியாது. எத்தனை குமிழ், எத்தனை குழி என்று வடிவம் பார்த்துப் பிரியுங்கள். எதிரெதிரே இரண்டு குமிழ் உள்ளது ஒரு குவியல், அடுத்தடுத்து இரண்டு உள்ளது ஒரு குவியல், மூன்று உள்ளது தனி. இடம் காலியாக இருக்கும் வடிவத்துக்கு அந்தக் குவியலில் மட்டும் தேடினால் போதும். ராத்திரி டியூப்லைட்டில் எல்லா நீலமும் ஒரே நீலம்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் ஓரமாகப் போட்டுப் பாருங்கள். ஃபிரேம் உங்கள் இஷ்டம். நான் முடித்தவுடன் கலைத்துப் பெட்டியில் போட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன்.

பலகை வர இரண்டு நாள் ஆகும், அதுவரை நாற்காலி காத்திருக்க வேண்டாம், இன்று ராத்திரியே போடுங்கள். "அம்மா, உட்கார்ந்து சாப்பிடுகிறாயா" என்று கேட்காதீர்கள், "பரவாயில்லப்பா" என்றுதான் பதில் வரும், நீங்களும் அதை நம்பிவிடுவீர்கள். தட்டை வைத்து, தண்ணீரை வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். இரண்டாவது தடவை நீங்களே கரண்டியை எடுத்துப் போடுங்கள்.

பலகை வந்ததும் முடித்த பகுதியை அப்படியே தள்ள நினைக்காதீர்கள். நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் சார்ட் பேப்பரை மெல்லச் செருகி, கோபுரம் இருக்கும் பக்கத்தை முதலில் நகர்த்துங்கள். ஒரு ஆளால் ஆகாது. இந்த ஓரத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு அந்த ஓரத்தை மனைவியைப் பிடிக்கச் சொல்லுங்கள். திட்டிக்கொண்டேதான் பிடிப்பார், பிடிக்கட்டும்.