ஒரே ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டான சர்வீஸ் ஆப்ஜெக்டில் உள்ளீடுகளைத் தனித்தனியாக அறிவிக்க வேண்டுமா, ஒரே ஹாஷாக (பெயரும் மதிப்புமான ஜோடிகளின் தொகுப்பாக) கொடுத்தால் போதாதா?

போதாது. பெயர், வகை, கட்டாயமா இல்லையா, மூன்றையும் ஆப்ஜெக்டின் தலையிலேயே எழுதிவையுங்கள். நீங்கள் ரூபி மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ரெயில்ஸில் எழுதுகிறீர்கள், சிறிய குழு, சீக்கிரம் முடிக்கச் சொல்லி யாரோ நெருக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என் நிலையும் அதுவாகத்தான் இருந்தது.

ஒரு பயிற்சி நிலையத்துக்காக, கட்டணத்தைத் திருப்பித் தரும் சர்வீஸ் எழுதினேன். படிவத்தில் ‘முழுத் தொகை’ என்று ஒரு டிக் பெட்டி. டிக் செய்தால் “1”, செய்யாவிட்டால் “0” வரும். எண்ணாக அல்ல, எழுத்துச் சரமாக. ரூபியில் நில் (மதிப்பே இல்லை), ஃபால்ஸ் (பொய்) இரண்டைத் தவிர மற்ற எல்லாமே உண்மைதான், “0” உட்பட. பிஎச்பி மொழியில் “0” பொய். அங்கே பல ஆண்டு பழகிய கை, ஹாஷிலிருந்து மதிப்பை எடுத்து நேராக இஃப் போட்டது. டெஸ்ட்களில் நான் கொடுத்ததோ அசல் ட்ரூ, ஃபால்ஸ். எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி.

திங்கட்கிழமை காலை கணக்குப் பிரிவு அக்கா அழைத்தார். “தம்பி, பாதிப் பணம் போக வேண்டியவர்களுக்கெல்லாம் முழுசும் போயிருக்கிறது.” பட்டியலை அவர் ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க எனக்குக் கை நடுங்கியது. பணத்தைத் திரும்பக் கேட்டு மாணவர்களின் பெற்றோரிடம் பேசியவர் அவர்தான். அதை இன்றும் மறக்க முடியவில்லை.

2018இல் வந்த ரெயில்ஸ் 5.2 முதல், உள்ளீடுகளைப் பெயர், வகையோடு அறிவிக்க உதவும் ஆக்டிவ்மாடல் அட்ரிபியூட்ஸ் இருக்கிறது. அந்த உள்ளீட்டை பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ்) என்று அறிவித்திருந்தால் “0” தானாகவே ஃபால்ஸ் ஆகியிருக்கும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், அப்படி ஓர் அட்ரிபியூட் இல்லை என்று உடனே பிழை வரும். ஹாஷ் சத்தமில்லாமல் நில்லைக் கொடுத்துவிடும்.

ஆனால் வகை மாற்றம் வேறு, சரிபார்ப்பு வேறு. இன்டிஜர் (முழு எண்) என்று அறிவித்த இடத்தில் “1,25,000” என்ற சரம் வந்தால் முதல் காற்புள்ளியோடு நின்று 1 ஆகிவிடும். காற்புள்ளிகளை முன்பே நீக்குங்கள். பூலியனுக்கு பிரசன்ஸ் வேலிடேஷன் (காலியாக இருக்கக் கூடாது என்ற சரிபார்ப்பு) போடாதீர்கள், அது ஃபால்ஸையும் காலி என்று தள்ளிவிடும். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டில் ஒன்றா என்று இன்க்ளூஷனால் பாருங்கள். வேலிடேஷன் தானாக ஓடாது, சர்வீஸை இயக்கும் கால் (call) மெத்தடின் முதல் வரியில் நீங்கள்தான் ஓட்ட வேண்டும். அதற்குப் பிறகு அறிவித்த பெயர்களை மட்டும் பயன்படுத்துங்கள்; மூல ஹாஷைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

இரண்டு உள்ளீட்டுக்கு இவ்வளவு சடங்கு எதற்கு என்று சிலர் வருவார்கள். சிறிய வேலைக்குக் கட்டாய கீவேர்டு ஆர்குமென்ட் (பெயரோடு கொடுத்தே ஆக வேண்டிய உள்ளீடு) போதும், மறுக்கவில்லை. ஆனால் அது வகையைப் பார்க்காது. பணம் தொடுகிற இடத்தில் எனக்கு அது போதாது.

கட்டாயம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘குடும்பப் பெயர்’ என்பதைக் கட்டாயமாக்கி, குறைந்தது 2 எழுத்து வேண்டும் என்றும் விதி வைப்பவர்களே, எங்களில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றுதான். என் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது அந்த ஓர் எழுத்தை ஏற்க மறுத்த படிவத்தில், அதே எழுத்தை இரண்டு முறை அடித்து அனுப்பினேன். பயண நாளில் அடையாள அட்டையோடு பெயர் பொருந்தவில்லை என்று வரிசையில் அரை மணி நேரம் அவரை நிற்க வைத்தார்கள். அவருக்கு வயது 71.