இடுப்பில் மட்டும் ஏறும் எடை: ஹார்மோன் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 47. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. இரண்டு வருடத்தில் 66 கிலோவிலிருந்து 72க்கு வந்துவிட்டேன். உயரம் 157 செ.மீ. சாப்பாடு முன்பு போலத்தான். ஆனால் ஏறுவதெல்லாம் வயிற்றிலும் இடுப்பிலும்தான். மாதவிடாய் ஒரு முறை 24 நாளில் வருகிறது, அடுத்த முறை 50 நாள் ஆகிறது. இரவில் வியர்த்துக் கொட்டி இரண்டு மூன்று தடவை விழித்துக்கொள்கிறேன். தலைவலிக்காகப் போன வருடம் டாக்டர் இரவில் போடச் சொன்ன அமிட்ரிப்டிலின் மாத்திரையைத் தொடர்கிறேன். காலை நடையை விட்டுவிட்டேன், எங்கள் தெருவில் விடியற்காலை தனியாக நடக்கப் பயம். புரட்டாசி முழுக்க விரதம் இருந்தேன், கறி மீன் தொடவில்லை, அப்போதும் ஒன்றரைக் கிலோ கூடியது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கூட வேலை செய்பவர் 'ஹார்மோன் பேலன்ஸ்' கேப்சூல் ஒன்றைச் சொல்கிறார், மாதம் 600 ராண்ட். ஓர் அழகு நிலையத்தில் எச்சில் எடுத்து எல்லா ஹார்மோனும் பார்த்துத் தருகிறோம் என்கிறார்கள். எதைச் செய்வது? என் நாத்தனார் போடுவது போல எடை குறைக்கும் ஊசி போடலாமா?

பதில்: எச்சில் பரிசோதனை வேண்டாம், கேப்சூலும் வேண்டாம். ஊசியைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன மூன்று விஷயங்கள்தான் என் கண்ணில் முதலில் பட்டன: தலைவலி மாத்திரை, இரவு விழிப்பு, நின்றுபோன நடை.

உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் பெரிமெனோபாஸ்தான், அதாவது மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய காலம். ஒரு சுழற்சிக்கும் அடுத்ததற்கும் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் அது தொடங்கிவிட்டது என்று கணக்கு. 60 நாளும் அதற்கு மேலும் வராமல் தள்ளிப்போக ஆரம்பித்தால் பிற்பகுதிக்கு வந்துவிட்டீர்கள். தொடர்ந்து 12 மாதம் ஒன்றுமே வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். நடுவில் உள்ள காலம் சராசரியாக நாலு வருடம், எட்டு வருடம் இழுப்பவர்களும் உண்டு.

இந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முதலில் குறைவது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். முட்டை வெளிவராத மாதங்கள் கூடிக்கொண்டே போகும், முட்டை வெளிவராத மாதத்தில் அது சரியாகச் சுரக்காது. ஈஸ்ட்ரோஜனோ ஒரு வாரம் இளவயதில் இருந்ததைவிட உயரத்தில் நிற்கும், அடுத்த வாரம் தரைக்கு வரும். செவ்வாய்க்கிழமை எடுத்த சாம்பிளையும் அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு பெண்களுடையவை போல இருக்கும். இதனால்தான் 45 வயதைத் தாண்டி, அறிகுறிகள் இப்படித் தெளிவாக இருக்கும்போது எஃப்.எஸ்.எச். என்ற, முட்டையை வளரத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனைகூடத் தேவையில்லை என்கிறோம். ரத்தத்திலேயே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்றால் எச்சிலில் என்ன இருக்கப்போகிறது? ஒற்றை எண்ணைக் காட்டி 'உங்களுக்கு இது குறைவு, இதைச் சாப்பிட்டால் சமமாகிவிடும்' என்று சொல்பவர் விற்க வந்தவர்.

இனி எடைக்கு வருவோம். அமெரிக்காவில் 1990களின் நடுவில் தொடங்கி, ஆயிரக்கணக்கான நடுவயதுப் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற ஆய்வு இருக்கிறது. அதில் தெரிந்தது இதுதான்: நடுவயதில் ஏறும் எடை வருடத்துக்குச் சுமார் அரைக் கிலோ, சற்றுக் கூடலாம். அதில் பெரும்பங்கு வயதோடு போவது, மாதவிடாய் நின்றாலும் நிற்காவிட்டாலும் வருவது. ஹார்மோன் செய்யும் வேலை வேறு. இந்தக் கட்டம் தொடங்கியதும் கொழுப்பு சேரும் வேகம் கூடுகிறது, தசை கரைகிறது. முன்பு தொடையிலும் பிட்டத்திலும் போய்த் தங்கிய கொழுப்பு வயிற்றுக்குள், குடலைச் சுற்றித் தங்குகிறது. தராசில் பெரிதாக மாற்றம் இல்லாமலே பாவாடை நாடா இறுக்குவது இதனால்தான்.

உங்கள் கணக்கோ வருடத்துக்கு 3 கிலோ. இதை முழுக்க மாதவிடாய் தலையில் கட்ட முடியாது. 'வயதாகிவிட்டது, மெட்டபாலிசம் செத்துவிட்டது' என்ற சமாதானமும் நிற்காது. 2021இல் சயன்ஸ் இதழில் வந்த பெரிய ஆய்வின்படி, உடலின் தசை அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 20 வயது முதல் 60 வயது வரை உடம்பு எரிக்கும் சக்தி ஏறக்குறைய மாறுவதே இல்லை. எனவே வேறு காரணங்கள் இருக்கின்றன, தேட வேண்டும்.

முதல் சந்தேகம் அமிட்ரிப்டிலின். நல்ல மருந்துதான், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கவும் நரம்பு வலிக்கும் நாங்கள் அடிக்கடி எழுதுவது. ஆனால் பசியைத் தூண்டும், இனிப்பைத் தேட வைக்கும், எடையைக் கூட்டும். எழுதிக் கொடுக்கும்போது இதைச் சொல்ல மறந்துவிடும் டாக்டர்கள் அதிகம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். 'இது தொடங்கிய பிறகு இத்தனை கிலோ ஏறியது, மாற்று உண்டா?' என்று எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள், எடை கூட்டாத மருந்துகள் இருக்கின்றன. தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடு போலத் தெரியுமானால் அதையும் சொல்லுங்கள், அது தெரிந்தால் சில கருத்தடை மாத்திரைகளைத் தவிர்ப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் கருத்தடை ஊசி, பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, இன்சுலின் ஆகியவையும் இதே பட்டியலில் வரும்.

இரண்டாவது தைராய்டு. அது மந்தமானாலும் மாதவிடாய் தாறுமாறாகும், எடை ஏறும், சோர்வு வரும், பெரிமெனோபாஸ் வேஷம் அப்படியே பொருந்தும். டி.எஸ்.எச். என்ற ஒரு தைராய்டு ரத்தப் பரிசோதனை போதும்.

மூன்றாவது சர்க்கரை, இதைத்தான் நான் விடமாட்டேன். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மிக அதிகம், உங்கள் அம்மாவுக்கும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும் சேர்ந்துகொள்கிறது. வெறும் வயிற்றில் 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ, அல்லது எச்.பி.ஏ.1சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது) 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை என்றால் வாசலில் நிற்கிறீர்கள், திரும்ப இடம் இருக்கிறது. கூடவே கொழுப்பும் பிரஷரும் பார்த்துவிடுங்கள். ரத்தப்போக்கு அதிகமென்றால் ஹீமோகுளோபினும்.

தராசை இப்போதைக்கு மறந்துவிட்டு ஒரு தையல் டேப் எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபின், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளவெடுங்கள். இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு 80 செ.மீ.க்கு உள்ளே இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

புரட்டாசி விஷயம் உங்களைக் குழப்பியிருக்கிறது. சைவம் சாப்பிட்டால் இளைக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. அந்த மாதம் தட்டில் என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மீனும் கோழியும் போன இடத்துக்கு உருளைக்கிழங்குக் கறி வந்திருக்கும், வெள்ளை மாவுப் பூரி, சனிக்கிழமைப் படையலில் வடை, பாயசம். டால் இருந்திருக்கும், ஆனால் சோற்றின் மேல் ஊற்றும் தண்ணி டால். புரதம் பாதியாகி, மாவும் எண்ணெயும் இரட்டிப்பாகியிருக்கும். புரதம் குறைந்தால் பசி அடங்காது, தசையும் கரையும். அடுத்த புரட்டாசிக்கும் விரதம் இருங்கள், ஆனால் தினம் ஒரு கிண்ணம் சுகர் பீன்ஸ் (ராஜ்மா வகைப் பயறு) கறியோ, கெட்டியான டாலோ, சோயா மின்ஸோ தட்டில் இருக்கட்டும். பாலுக்குத் தடை இல்லையென்றால் ஒரு டம்ளர் அமாசியும் (புளித்த பால்).

மற்ற மாதங்களில் உங்கள் எடைக்கு ஒரு நாளைக்கு 70 முதல் 85 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டு). முட்டையில் 6 கிராம், ஒரு கிண்ணம் வெந்த சுகர் பீன்ஸில் சுமார் 15. நம் ஊர் தகரடப்பா பில்சர்ட் (மத்தி வகை) மீனை நான் பலமாகச் சிபாரிசு செய்வேன்: 100 கிராமுக்கு 18 கிராம் அளவுக்குப் புரதம், முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும். மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும் என்பதால் அது உங்களுக்கு இரட்டை லாபம். டின் ஃபிஷ் கறியை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் சால்மன் எண்ணெய் மாத்திரைக்குக் காசு கொடுப்பதைப் பார்க்கும்போது சிரிப்புதான் வருகிறது. ஸ்டாஃப் ரூம் தேநீரையும் பாருங்கள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாலு கோப்பை, கூட ரஸ்க். 'சாப்பாடு முன்பு போலத்தான்' என்று எழுதுகிறவர்களின் கணக்கில் இது வருவதே இல்லை.

நடையை விட்ட காரணம் நியாயமானது, அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். பள்ளி முடிந்து மைதானத்தைச் சுற்றலாம், மழைநாளில் சாட்ஸ்வொர்த் சென்டர் மாலுக்குள் நடக்கலாம், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டர்பனில் நடக்கும் பார்க்ரன் என்ற பொது ஓட்டம் ஒன்றில் கும்பலோடு கும்பலாக நடந்து போகலாம், ஓட வேண்டியதில்லை, காசும் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் இலக்கு. ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. வாரம் இரண்டு நாள் பாரம் தூக்குங்கள். ஜிம் தேவையில்லை. 5 கிலோ மீலி மீல் (மக்காச்சோள மாவு) பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுங்கள், பத்து முறை. சுவரில் கை வைத்துத் தண்டால். 2 லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி இரு கையிலும் தலைக்கு மேல். மூன்று சுற்று, இருபது நிமிடம். சுலபமாகிவிட்டால் பாரத்தைக் கூட்ட வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் நின்றுவிடுகிறார்கள்.

இரவு வியர்வைக்கு மருந்து உண்டு, அதைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தூக்கம் கெட்டால் பசி ஹார்மோன் கூடும், மறுநாள் மூன்று மணிக்கு சமோசா கை நீட்டி அழைக்கும். குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வியர்வைக்கும் தகிப்புக்கும் மிகச் சிறந்த சிகிச்சை எச்.ஆர்.டி., அதாவது குறையும் ஹார்மோனை மருந்தாகத் தருவது. அது எடையைக் கூட்டும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. எடையைக் குறைக்கும் மருந்தும் அல்ல. ஆனால் ஏழு மணி நேரம் தூங்கும் பெண்ணால்தான் மற்றதையெல்லாம் செய்ய முடியும்.

எச்.ஆர்.டி. பற்றி 2002இல் அமெரிக்காவின் டபிள்யூ.எச்.ஐ. என்ற பெரிய ஆய்வு வெளிவந்ததும் கிளம்பிய பீதி இன்னும் அடங்கவில்லை. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63, நீங்கள் 47. 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குகிற ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகையும் கட்டாயம். இரண்டும் சேர்த்து வருடக்கணக்கில் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடுகிறது, இதை மறைப்பதற்கில்லை. தோலில் ஒட்டும் பட்டையும் ஜெல்லும், மாத்திரையைப் போல ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டுவதில்லை, அதனால் எடை கூடுதலானவர்களுக்கு நான் அதையே விரும்புவேன். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள் இதைத் தாமாகத் தொடக்கூடாது. ஹார்மோன் இல்லாத மருந்துகளும் உண்டு.

நாத்தனாரின் ஊசிக்கு வருவோம். செமாக்ளூடைட் வகை ஊசிகள் எடையைக் குறைக்கும், அதில் ஐயமில்லை. குறையும் எடையில் தசையும் சேர்ந்து போகும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். சர்க்கரைப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு டாக்டரோடு பேச வேண்டிய விஷயம் அது. நாத்தனாருடைய ஊசிப் பேனாவைப் பங்கு போடுவதும், வாட்ஸ்அப்பில் மலிவாக வாங்குவதும் கூடவே கூடாது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள்: ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு, இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலோ உறவுக்குப் பிறகோ ரத்தம், மூன்று வாரமாகியும் வடியாத வயிற்று உப்பசம், முயலாமலே எடை இறங்குவது. இவற்றுக்கு அந்த வாரமே போக வேண்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. மாதவிடாய் தாறுமாறாக வந்தாலும் சில மாதங்களில் முட்டை வெளிவரத்தான் செய்கிறது. எச்.ஆர்.டி. கருத்தடை அல்ல. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் அதன்பின் இரண்டு வருடம், 50க்கு மேல் நின்றால் ஒரு வருடம் கருத்தடை தொடர வேண்டும். அடுத்த முறை 50 நாள் தாண்டினால், இது நிற்கப்போகும் அறிகுறி என்று முடிவு கட்டுவதற்கு முன் மருந்துக்கடையில் ஒரு கர்ப்பப் பரிசோதனைப் பட்டை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.