ஜன்னல் மாற்றப்போய்…

கேள்வி: நாலு மர ஜன்னலை எடுத்துவிட்டு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல் போட 62,000 ரூபாய் பேசினோம். பழையதைப் பெயர்த்த பிறகு பூச்சுவேலை, கொசுவலை, ஜிஎஸ்டி என்று இன்னும் 19,000 கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, மதுரை

பதில்: மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள், அம்மா. நிலையைப் பெயர்த்தால் சுவரோரம் உதிரத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அரைச் செங்கல்லே கையோடு வந்தது. அந்தக் கூலி நியாயம்தான், ஆனால் தெரிந்த கொத்தனாரைக் கூப்பிட்டால் குறையும். கொட்டேஷனில் ‘மெஷ்’ என்று எழுதியிருந்தால் கொசுவலைக்குத் தனியாக ஒரு பைசாவும் தர வேண்டாம். ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 11,160 ரூபாய். வரி தனி என்று முதலிலேயே சொன்னார்களா? சொல்லியிருந்தாலும், ஜிஎஸ்டி எண் அச்சிட்ட பில் வந்த பிறகு கொடுங்கள். அப்புறம், கடைசித் தவணையைக் கையிலேயே வைத்திருங்கள். ஓரத்தில் சிலிகோன் பசை அடைத்து முடித்ததும் வெளியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அடித்துப் பாருங்கள். உள்ளே கசியவில்லையா, சரி, பணத்தைக் கொடுக்கலாம்.